பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பையில் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க: முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையில்தான் தொடங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எவர்சில்வர் டப்பா செட், செப்புத் தண்ணீர் பாட்டில், மூங்கில் ஸ்பூன் என்று வாங்கி வருவார்கள். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் அன்றைக்கே குப்பைக்குப் போகும். இரண்டு வாரத்தில் சாம்பார் நோட்டில் கொட்டும், சோறு திறக்காமலே திரும்பி வரும், புதுச் செட் பரணுக்கு ஏறிவிடும்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. வாங்குவது இங்கே எட்டாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முன் தேவைப்படுவதெல்லாம் வீட்டிலேயே கிடக்கும்: ஒரு அகலமான தாம்பாளம், பழைய பருத்தி வேட்டி, கத்தரிக்கோல், ஒரு வாரப் பொறுமை.

நாம் குறைக்கப் பார்ப்பது தினமும் தூக்கிப் போடும் பொருளை. ஐந்து வருஷமாக உழைக்கிற பிளாஸ்டிக் டப்பாவால் குப்பை சேர்வதில்லை. அதைத் தூக்கிப் போட்டால்தான் சேரும்.

1. ஒரு வாரம் பையைக் கொட்டிப் பாருங்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை எதையும் மாற்ற வேண்டாம். பிள்ளை வந்ததும் சாப்பாட்டுப் பையை ஒரு செய்தித்தாளில் கொட்டி, குப்பையை மட்டும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். "சாப்பிட்ட கவரை அங்கே போடாமல் பையிலேயே கொண்டு வா" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிக் கணக்கு பள்ளிக் குப்பைத் தொட்டியோடு போய்விடும்.

வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால் அநேகமாக சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஸ்ட்ராவோடு ஜூஸ் டப்பா, கசங்கிய ஃபாயில், டிஷ்யூ, சட்னி ஊற்றிக் கட்டிய சின்ன பாலித்தீன் கவர் இவைதான் இருக்கும். மதியச் சாப்பாட்டிலிருந்து வந்தது குறைவு. பத்தே முக்கால் மணி இடைவேளையிலிருந்து வந்ததுதான் அதிகம். இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் டப்பாவை மாற்றுவதிலேயே சக்தியைச் செலவழித்துவிடுகிறார்கள்.

சேர்ந்ததில் பழைய இரும்புக் கடைக்காரர் எதை எடுத்துக்கொள்வார் என்றும் பிரித்துப் பாருங்கள். சிப்ஸ் கவரை எடுக்க மாட்டார். அது பல அடுக்குப் படலம், அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதைப் பிரித்து உருக்க வழியில்லை. ஜூஸ் டப்பாவும் காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டியதுதான். சோறு ஒட்டிய ஃபாயிலையும் வாங்க மாட்டார். அவர் எடுக்காததை முதலில் நிறுத்துங்கள்.

2. அட்டாலியில் (பரணில்) இருப்பதைக் கீழே இறக்குங்கள்

நம் கொங்குப் பக்கத்து வீடுகளில் சீர் வந்த பாத்திரம் அட்டாலியில் சும்மா உட்கார்ந்திருக்கும். தூக்குப்போசி, சம்படம், ஒற்றை அடுக்கு டிபன் கேரியர், பேர் வெட்டிய மூடி டப்பா எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி வரிசையாக வையுங்கள்.

பிறகு தண்ணீர் வைத்துச் சோதிக்க வேண்டும். முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடி, உலர்ந்த துணியின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கால் மணி நேரம் கழித்துத் துணியைத் தொட்டுப் பாருங்கள். நிமிர்த்தி வைத்துச் சோதிப்பதில் பிரயோசனம் இல்லை. ஸ்கூல் வேனில் பைகளை ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் அடுக்குகிறார்கள், எந்த டப்பாவும் நிமிர்ந்து பயணம் செய்வதில்லை.

ஒழுகாதது குழம்பு சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும். ஒழுகுவது இட்லி, சப்பாத்தி, சுண்டல், முறுக்குக்கு. ஒழுகுகிறது என்று எதையும் ஒதுக்க வேண்டாம், உலர்ந்த தீனிக்கு அதுவே போதும்.

இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். ஆறின பண்டம், பழம், கடலை வைக்க அது விரிசல் விடும் வரை உழைக்கட்டும். சூடான சோற்றை அதில் போடாதீர்கள். ஹோட்டல் பார்சலில் வந்த மெல்லிய கறுப்பு டப்பாவைச் சாப்பாட்டுக்கு மறுபடி எடுக்க வேண்டாம். சீக்கிரமே கீறல் விழும், கீறலுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும்.

3. பிள்ளையின் கை அந்த மூடியைத் திறக்கிறதா?

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான், முயற்சி தோற்பதும் இங்கேதான். பக்கத்து வீட்டில் பாட்டியும் பேரப் பிள்ளையும் பேசக் கேட்டது இது:

"ஏங்கண்ணு, சோத்த அப்படியே கொண்டாந்துட்ட?"

"மூடி தெறக்கவே முடியலீங்க அம்முச்சி. மிஸ்ஸும் பாத்தாங்க, அவிங்களுக்கும் வல்லீங்."

மறுநாள் அந்தப் பிள்ளையின் கையில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். திறக்க முடியாத எவர்சில்வர் டப்பா குப்பையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியே விடுகிறது.

காரணம் பிள்ளையின் பலவீனம் அல்ல. சூடான சோற்றை வைத்து ரப்பர் வாஷர் உள்ள மூடியை இறுக்கினால் உள்ளே நீராவி நிறைந்திருக்கும். ஆற ஆற ஆவி தண்ணீராக மாறும், உள்ளே காற்றழுத்தம் குறையும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் உங்கள் கைக்கு லேசாக வந்த மூடி மதியம் பெரியவர் கைக்கும் வராது.

அதனால் சோதனையையும் அதே நிலையில் செய்யுங்கள். விடுமுறை நாளில் வழக்கம் போலச் சோறு கட்டி, 4 மணி நேரம் கழித்துப் பிள்ளையையே திறக்கச் சொல்லுங்கள். கிட்டே நின்று உதவ வேண்டாம். திறந்து, சாப்பிட்டு, மறுபடி மூடிப் பையில் வைக்கிற வரை பாருங்கள். திறக்கத் தெரிந்து மூடத் தெரியாத பிள்ளைகள் நிறைய. மிச்சக் குழம்பு பையில் கொட்டுவது அதனால்தான்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைக்குப் பக்கவாட்டில் கிளிப் உள்ள மூடி சரிப்படும். கிளிப் பிளாஸ்டிக்காக இருந்தால் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புக்கு மேல் அழுத்து மூடியே போதும். டப்பா இறுகிக்கொண்டால் ஸ்பூன் காம்பை மூடி விளிம்பில் நுழைத்து லேசாக நெம்பக் கற்றுக்கொடுங்கள். காற்று உள்ளே போனதும் மூடி தானாக விடும்.

4. காலை வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

வேன் 7.45-க்கு வரும், பிள்ளை சாப்பிடுவது 12.30-க்கு. நடுவில் ஏறக்குறைய 5 மணி நேரம். பங்குனி, சித்திரை வெயிலில் அடைத்த டப்பாவுக்குள் அது நீண்ட நேரம்.

டப்பாவை முந்தின இரவே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தோடு அடைப்பீர்கள், அந்த ஈரம்தான் சோற்றை முதலில் கெடுக்கும்.

எழுந்ததும் முதலில் சோறு. அது வேகும் நேரத்தில் தலைவாரல், சீருடை எல்லாம் ஆகட்டும். வெந்ததும் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைக்க வேண்டும். கால் மணி நேரம் போதும். குக்கரிலேயே விட்டு வைத்தால் அரை மணி கழித்தும் நடுச்சோறு கொதித்துக்கொண்டிருக்கும்.

பரப்பி ஆற வைப்பது மூடி இறுகாமல் இருக்க மட்டும் அல்ல. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக, ஈரமாக, மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். உணவுப் பாதுகாப்பில் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான எல்லை என்கிறார்கள். ஒன்று நன்றாக ஆற வைத்து அடைக்க வேண்டும், இல்லை கொதிக்கக் கொதிக்கச் சூடு தாங்கும் ஃபிளாஸ்க்கில் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, வெதுவெதுப்பாகச் சாதாரண டப்பாவில் அடைப்பதுதான் மோசம். நேற்று ராத்திரிச் சோற்றைத் தாளித்துக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

சோறு ஆறும் நேரத்தில் தீனி டப்பாவை நிரப்புங்கள். தண்ணீர் பாட்டில் அதற்குப் பிறகு. சோறு டப்பாவுக்குள் போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சோற்றை முதலில் அடைத்துவிட்டுத் தீனிக்கு நேரமில்லாமல் தவிப்பார்கள். வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது கைக்குக் கிடைப்பது பிஸ்கட் பாக்கெட்தான்.

5. பாத்திரத்துக்கு ஏற்ற சமையல்

கவரும் ஃபாயிலும் தேவைப்படுவது தனித்தனியாகத் தொட்டுக்கொள்ள ஊற்றிக் கொடுக்கும்போது. ஒரே டப்பாவில் அடங்குகிற சாப்பாடாக வாரத்தில் நான்கு நாள் செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அரிசியும் பருப்பும் சாதம் இதற்கென்றே பிறந்த மாதிரி. பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் உள்ளேயே இருக்கிறது, குழம்பு வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து உதிரியாக வடிக்க வேண்டும், குழைந்தால் மதியத்துக்குள் கட்டி தட்டிவிடும். நெய் தனியாகக் கொடுத்து விடாதீர்கள், ஆறின சோற்றிலேயே பிசறி விடுங்கள். இடியாப்பம் போன்ற சந்தகையும் அப்படித்தான். தாளித்த எலுமிச்சைச் சந்தகை கட்டலாம், தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர் சாதத்தைத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்து நாறும். குழைய வடித்த சோற்றை நன்றாக ஆற விட்டு, காய்ச்சி ஆற வைத்த பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து விடுங்கள். பயண நேரத்திலேயே உறைந்து, சாப்பிடும்போது பதமாக இருக்கும். உறைய உறைய இறுகும் என்பதால் பாலைத் தாராளமாக விட வேண்டும்.

இட்லி, தோசைக்குத் தேங்காய்ச் சட்னி கொடுத்து விடாதீர்கள். பச்சைத் தேங்காய் அரைத்ததுதான் வெயிலில் முதலில் கெடும். எள்ளுப் பொடியோ கொள்ளுப் பொடியோ நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் மேலேயே தடவிவிட்டால் சட்னி கவர் என்ற பேச்சே இல்லை. சட்னிதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் வதக்கி அரைத்த தக்காளிச் சட்னியைத் திருகு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொடுங்கள்.

ஃபாயிலில் சுற்றும் பழக்கத்தைச் சப்பாத்தியில் விடுவது சுலபம், வாழை இலை போதும். கோபிச்செட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கத்தில் கொல்லையிலேயே மரம் நிற்கும். கோவைக்காரர்களுக்கு ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் உழவர் சந்தைகள் இருக்கின்றன. நுனி இலை வேண்டியதில்லை, கிழிசல் ஏடு போதும். நடு நரம்பைச் சீவி எடுத்து, கழுவித் துடைத்து, சிறு தீயில் இரண்டு பக்கமும் காட்டுங்கள். மேலே உள்ள மெழுகு இளகி, இலை ஒரு நொடியில் கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்த நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் கருகும். வாட்டாத இலையை மடித்தால் மடிப்பிலேயே கிழியும்.

புளிச்சோறு, எலுமிச்சைச் சோற்றை ஃபாயிலில் கட்டவே வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், மதியத்துக்குள் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். ஃபாயிலுக்குப் பதில் செய்தித்தாளில் சுற்றுகிறவர்களும் உண்டு. அச்சு மை உணவில் இறங்கும். செய்தித்தாளில் உணவு பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2018 பொதிவு விதிகளே சொல்கின்றன.

6. இடைவேளைத் தீனி

முதல் படியில் பார்த்த குப்பையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இதை ஒரே நாளில் நிறுத்தப் போனால் வீட்டில் சண்டைதான். முதல் வாரம் அதே சிப்ஸைக் கொடுங்கள், பாக்கெட்டாக வேண்டாம். சிப்ஸ் போடுகிற கடையில் டப்பா கொண்டு போய் வாங்கி, சம்படத்தில் போட்டுக் கொடுங்கள். பண்டத்தையும் பொதியையும் ஒரே வாரத்தில் மாற்றினால் பிள்ளை இரண்டையுமே மறுக்கும்.

டப்பா கொண்டு போனால் சாமான் போடுவதற்கு முன்பே வெறும் டப்பாவை எடை போடச் சொல்லுங்கள். "அண்ணா, டப்பா எடையக் கழிச்சுப் போடுங்க" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நிரப்பிய பிறகு கேட்டால் திரும்பக் கொட்டிப் போட வேண்டி வரும், பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். பேக்கரியில் தேங்காய் பன்னுக்கும் இதே வழிதான்.

இரண்டாம் வாரத்திலிருந்து பண்டத்தை மாற்றலாம். வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும், எள்ளுருண்டை, ராகி முறுக்கு, தேங்காய்ச் சில், தட்டைப்பயறுச் சுண்டல் என்று நம் வீடுகளில் இல்லாததா? அவித்த கடலையை நன்றாக வடித்து, துணியில் பரப்பி உலர்த்தித்தான் அடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் கொழகொழத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு முழுக் கடலை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். இடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். திராட்சையையும் நீள வாக்கில் நறுக்கியே கொடுக்க வேண்டும். வகுப்பில் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழைப்பழத்துக்கும் கொய்யாவுக்கும் டப்பாவே வேண்டாம். பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், அடியில் போனால் கூழாகிவிடும்.

7. தண்ணீர், துணி, பை

கை உள்ளே நுழையும் அளவு வாய் அகலமான எவர்சில்வர் பாட்டில் போதும். உறிஞ்சு குழல் வைத்த பாட்டிலில் குழலுக்குள் வழவழப்பு படியும், நம் கண்ணுக்குத் தெரியாது. செப்புப் பாட்டில் இருந்தால் தண்ணீருக்கு மட்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் புளிப்பில் செம்பு கரையும்.

டிஷ்யூவுக்குப் பதில் பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவில் வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். ஈரிழைத் துண்டு இன்னும் நல்லது, ஈரத்தை நன்றாக வாங்கும். திருப்பூரில் எடைக்குக் கிடைக்கும் பனியன் வெட்டுத் துணியும் ஆகும், ஆனால் பாலியஸ்டர் கலந்தது நிறைய வரும். ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், அது தண்ணீரை உறிஞ்சாது.

பை அடி அகலமாக, டப்பா படுத்த வாக்கில் உட்காரும்படி இருக்க வேண்டும். பாட்டி பின்னிய ஒயர் கூடை பிளாஸ்டிக் ஒயர்தான், இருந்தும் பத்து வருஷம் உழைக்கும் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஜவுளிக் கடையில் கொடுத்த, துணி மாதிரியே இருக்கும் பைகளைக் கவனியுங்கள். உற்றுப் பார்த்தால் நெசவு இருக்காது, அழுத்திய புள்ளிகள்தான் தெரியும். அது நெய்யாத பாலிபுரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களின் பட்டியலில் அதுவும் உண்டு. மடிப்பில் பிய்ந்து தூளாக உதிரும்.

8. இனி கடைக்குப் போகலாம்

இவ்வளவும் ஆன பிறகு உண்மையில் எது குறைகிறது என்று தெரிந்திருக்கும். பல வீடுகளில் ஒழுகாத ஒரு டப்பாவும் சின்னச் சட்னி டப்பாவும்தான். அதை மட்டும் வாங்குங்கள், செட்டாக வேண்டாம்.

அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் என்று அர்த்தம், புளிப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடையில் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிக்கல் குறைந்த 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது.

வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். எவர்சில்வர் இருபது வருஷம் இருக்கும், வாஷர் அவ்வளவு நாள் வராது. அது கிடைக்காவிட்டால் ஒழுகாத டப்பா ஒழுகும் டப்பாவாகிவிடும்.

டப்பாவிலும் மூடியிலும் ஸ்பூனிலும் பேர் வெட்டிக்கொள்ளுங்கள். மூடிதான் முதலில் தொலையும். பிள்ளையின் பேருக்குப் பதில் வீட்டு இனிஷியலை வெட்டினால் தம்பி தங்கைக்கும் ஆகும்.

9. சாயங்கால வேலை

வந்த அரை மணிக்குள் டப்பா தொட்டிக்குப் போக வேண்டும். எடுத்து வைப்பது பிள்ளையின் வேலை, கழுவுவது வீட்டில் யார் வேலையானாலும் சரி. வாஷரை வாரம் ஒரு தடவையாவது கழற்றித் தேய்த்து வெயிலில் வையுங்கள். கழற்றாமலே கழுவினால் அதன் அடியில் கறுப்புப் பூசணம் பிடிக்கும், டப்பா நாறுகிறது என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் அதைத்தான். வாழை இலை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகட்டும்.

10. வழக்கம் உடையும் நாட்கள்

அவசரத்துக்கு ஹோட்டலில் இட்லி வாங்கினால் சாம்பாருக்குத் தூக்குப்போசியைக் கொண்டு போங்கள். மெஸ்காரர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே ஊற்றித் தருவார்கள், கவர் அவர்களுக்கும் செலவுதானே. இலை மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தாளும் அதே 2019 தடைப் பட்டியலில் உள்ளதுதான்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தில் ஒரே நாளில் நாற்பது கவர் சேரும். எள்ளுருண்டையோ கடலை உருண்டையோ பெரிய சம்படத்தில் போட்டு அனுப்பலாம். சில பள்ளிகளில் வீட்டுப் பலகாரத்துக்கு அனுமதி இல்லை. முந்தின வாரமே வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கூடாது என்றால் மொத்தக் கடையில் பென்சில் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்து, நூலால் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால் போதும்.